பத்தாவது ஆள்

சதாம் வீதியில் கப்பல் கம்பனி, இரண்டாம் மாடி.
பயணிகள் பட்டியல் தட்டச்சு செய்வது என் வேலை.
கணக்குப் பகுதியில் எகோன் தவுசிக் இருந்தார்,
சித்திரை வெயிலிலும் கோட்டுக் கழற்றாதவர்.

தாய்க்கும் தகப்பனுக்கும் திதி வருகுது என்றார்.
செத்த நாள் தெரியாது.
ரயிலில் ஏற்றிய நாளைத்தான் வைத்திருந்தார்.
அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும்;
பத்துக்குக் குறைந்தால் அந்த மன்றாட்டைச் சொல்ல ஏலாது.

கொழும்பெல்லாம் தேடி ஒன்பது.
கல் வியாபாரம் செய்த பாக்தாத்காரர்,
கொச்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி,
பல் டாக்டர், அவருடைய மகன்மார் இரண்டு பேர்,
பொரளையில் பியானோ திருத்துகிறவர்,
பெயரை மாற்றிக்கொண்டு
கிளப்பில் வெள்ளையர்களோடு பிரிட்ஜ் ஆடிய
தேயிலை ருசிபார்ப்பவர் (பின்கதவால் வருவார்),
பிறகு இவர்.
ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காது.

"பட்டியலைப் பார், தம்பி. பெயரைப் பார்.
முடிவு மட்டும் போதாது, அது ஜெர்மன்காரனுக்கும் வரும்.
தகப்பன் பெயரைப் பார், ஏறின துறைமுகத்தைப் பார்."
பார்த்தேன்.
எழுத்தை முகர்ந்து ஆளைப் பிடிக்கிற வித்தை;
மூன்று மாதத்தில் அவரை மிஞ்சிவிட்டேன்.

கப்பல் பிந்திய ஒரு மாலை கேட்டேன்:
"நான் நிற்கட்டுமா, ஐயா?"
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"நீ நின்றாலும் ஒன்பதுதான்."

கடைசியில் ஒருவன் அகப்பட்டான்.
ஷங்காயிலிருந்து மார்செய் போகிற தையற்காரன்,
இடுப்பில் வாருக்குப் பதில் கயிறு.
லோஞ்சில் இறக்கி, ரிக்‌ஷாவில் ஏற்றி,
பம்பலப்பிட்டியில் தண்டவாளத்தோரம் ஒரு மேல்மாடி அறைக்கு.
நான் படியில் குந்தியிருந்தேன்.

ஆளை எண் போட்டு எண்ணக் கூடாதாம்,
எண்ணினால் அந்த எண் குறைந்துபோகுமாம்.
ஆகையால் பாக்தாத்காரர் விரல் நீட்டிச் சொன்னார்,
ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல...
எகோன் எனக்குப் பெயர்த்துச் சொன்னபோது சிரிப்பு வந்தது.
எங்கள் பாஷையில் அப்படிச் சொன்னால்
எண்ண முடியாத கூட்டம்.

மன்றாட்டு முடியுமுன் மருதானை ரயில் வந்தது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும் மட்டும்
பத்துப் பேரும் வாய்மூடி நின்றார்கள்.

திரும்பும் வழியில் அவராகவே சொன்னார்:
"வியன்னாவில் நான் சதுரங்கம் ஆடுகிறவன், அவ்வளவுதான்.
யூதன் என்று சிவப்பு மையால் குத்தியது அவர்கள்.
ஜெர்மன்காரன் என்று
தியத்தலாவையில் அடைத்தது இங்கிலீஷ்காரன்.
நான் ஒன்பதாவது என்று
என் வாயால் சொன்னது இங்கேதான்."

ஐம்பதில் மெல்பேர்ன் போனார்.
அந்தப் பட்டியலையும் நானே அடித்தேன்.
T எழுத்து பாதி விழுந்தது, நாடா காய்ந்திருந்தது.

பிறகு, பென்ஷன் எடுத்த இரண்டாம் வருடம்,
ஓர் ஆடி மாதக் காலை,
வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள்
கையில் தாள்களோடு வந்தார்கள்.
படலையில் நின்றவனுக்கு இருபது வயது இருக்கும்.
விரல் வைத்து வாசித்தான், அவசரமில்லாமல்.
என் பெயரின் கடைசி எழுத்துகளில் விரல் நின்றது.
வீட்டு இலக்கத்தைப் பார்த்தான்.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
அது என்னுடையது.

பின்மதிலால் ஏறினோம். புத்தகங்கள் எரிந்தன,
பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி தந்த
சாரம் ஒன்றோடு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன்.

பாணுக்குக் கணக்கெடுத்த பொடியன்
பென்சில் நுனியால் தலை தலையாய்த் தொட்டு வந்தான்.
கிட்ட வரவர என் வாய் தன்பாட்டில் சொன்னது,
ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல...

"ஐயா, சும்மா இருங்கோ" என்றான்.
எண் தவறிவிட்டது அவனுக்கு.
கதவடியில் படுத்திருந்தவரிலிருந்து
மறுபடி தொடங்கினான்.