பச்சைக் காந்தம்

ஆறு நாற்பதுக்கு டோமா விழிக்கிறாள்.
மாடிப்படி பதினான்கு. எட்டாவது முனகும்,
அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிவிட்டேன்.
என் அறையின் கூரை சரிவு.
முதல் மாதமெல்லாம் தலையை முட்டிக்கொண்டேன்,
இப்போது தூக்கத்திலும் குனிந்தே எழுகிறேன்.

குளிர்பெட்டிக் கதவில் வாரத்தைக் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
வீப்கே நீலம், ஹென்னிங் சிவப்பு,
நான் பச்சைக் காந்தம்.
பச்சை எங்கே நிற்கிறதோ அங்கே நான்:
பாலர்பள்ளி வாசலில்,
நீச்சல் வகுப்பின் ஈர பெஞ்சில்,
காய்ச்சல் வந்தால் காய்ச்சலின் பக்கத்தில்.
வாரத்துக்கு முப்பது மணி என்று ஒப்பந்தம்.
குழந்தை இருமிக்கொண்டே விடிந்த இரவை
எந்தக் கட்டத்தில் ஒட்டுவது?
அவர்கள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

என் பெயர் வுவாஹிரானா. ஆம்பல் என்று பொருள்.
இங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை,
முன்பாதியை வெட்டிவிட்டார்கள்.
மிஞ்சிய ஹிராவுக்கு
எங்கள் மடகாஸ்கரில் பாட்டு என்று அர்த்தம்.
சொல்லவில்லை.
தெரிந்தால் பாடச் சொல்வார்கள்.

வந்த புதிதில் ஒரு ஞாயிறு, தேநீர்.
அடியில் கற்கண்டு வெடிக்க, மேலே பாலேடு மேகம் கட்ட,
குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள்.
மறுப்பது மரியாதையில்லை என்று எட்டுக் கோப்பை குடித்தேன்.
போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டுமாம்.
இந்த லேயர் நகரில் அது
சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.
இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்,
இதயம் தடதடக்க.

யோரிக்குக்கு ஐந்து வயது.
என் ஜெர்மனுக்கு அவன்தான் போலீஸ்.
கரண்டி ஆண், முள்கரண்டி பெண்,
கத்தி இரண்டுமில்லை, சிறுமி என்ற சொல்லும் அப்படியே.
"அப்படியென்றால் டோமா அஃறிணையா?"
கொஞ்சம் யோசித்து, "சில நேரம்" என்றான்.
என் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
அங்கே நாங்கள் சிக்கனம்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் தாராளம்:
இஷிகா என்றால் நாம், கேட்பவரும் உள்ளே.
இஸஹாய் என்றால் நாங்கள், கதவு சாத்தியாயிற்று.
இவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல், வியர்.
திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா
தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

"அக்டோபரில் வியர் போர்க்கும் தீவுக்குப் போகிறோம்"
என்றாள் வீப்கே, உருளைக்கிழங்கு தோலை உரித்தபடி.
"அழகான தீவு" என்றேன், பார்த்தவள்போல.
இரவு தண்ணீர் குடிக்க இறங்குவதாக இறங்கி
குளிர்பெட்டி முன் நின்றேன்.
அந்த வாரக் கட்டங்களில்
எந்த நிறக் காந்தமும் இல்லை.
பெட்டியில் கம்பளிச் சட்டையை வைத்தேன்,
எடுத்தேன்,
பாதி ஜிப்போடு விட்டுவிட்டேன்.

வியாழன். மழை.
நான் மாடியில் டோமாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
கீழே ஒரு சத்தம், அதன் பிறகு
சத்தத்தைவிடப் பெரிய மௌனம்.
ரோஜாப்பூ போட்ட தேநீர்க் கெண்டி,
மூக்கு தனியே, கைப்பிடி தனியே,
நடுவில் ஒரு பந்து, ஒன்றும் தெரியாததுபோல்.

வீப்கே ஈரக் கோட்டைக் கழற்றாமல் கேட்டாள்,
"யார்?"

யோரிக் என் பக்கம் ஒட்டி வந்து நின்றான்.
சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
ஒரே ஒரு சொல்:
"வியர்."

இந்த முறை தள்ளிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.
நாங்கள். இஸஹாய்.
அவனும் நானும் உள்ளே.
அவள் வாசலில், முடியிலிருந்து நீர் சொட்ட.

"ஆமாம்" என்றேன்.
பிறகு துடைப்பம் எங்கே என்று கேட்டேன்,
அவசரத்தில் துடைப்பத்தைப் பெண்ணாக்கி.
அவன் திருத்தவில்லை.