சம்பளச் சன்னல்

நகராண்மைக் கழகத்திலிருந்து புவான் நோர்லிசா
படிவத்தோடு வந்திருந்தார்.
"இந்த மேட்டின் வரலாற்றுத் தன்மை"
என்றொரு கட்டம். உள்ளே நாலே கோடு.
உனக்குத்தான் எல்லா வீடும் தெரியுமாமே, என்றார் மலாயில்.

தெரியும். தோளில் கேஸ் தோம்போடு
பதினெட்டு வருஷமாய் ஏறுகிறேன்.
புக்கிட் செரையில் எனக்கு வீட்டு நம்பர் வேண்டாம்;
மூச்சு எங்கே முட்டுகிறதோ
அதை வைத்து யார் வீடென்று சொல்லிவிடுவேன்.

முதல் முப்பது படி கருங்கல். துரையின் குதிரைக்காகப்
போட்டதாம். குதிரை படி ஏறுமா,
யாரும் கேட்டதில்லை.
அப்புறம் சிமெண்டு, தேர்தலுக்கு ஒரு நிறம்.
கடைசிப் பதினேழும் அப்பளநாயுடு
லாரி டயரை வெட்டி மண்ணில் பதித்தது.
மழையில் வழுக்காதது அது ஒன்றுதான்.

உச்சியில் துரை பங்களா, கீழே கிராணிமார்,
அதற்கும் கீழே மண்டோர், அடியில் லயம்.
தண்ணீரும் அந்த வரிசையில்தான் இறங்கியது
அவரவர் சோப்பு நுரையோடு.
இப்போது கீழிருந்து ஏறுகிறது;
உச்சியைத் தொடுவதற்குள் குழாய் இருமுகிறது.
பங்களாவில் முப்பத்தாறு நேப்பாளிப் பையன்கள்,
கையுறைக் கம்பெனி, ராத்திரி ஷிப்டு.
துரை குளித்த தொட்டியில் அரிசி களைகிறார்கள்.
மாதம் ஐந்து தோம்பு. கடன் சொல்வதில்லை.

கம்பெனி நிற்பது பழைய புகைக்கொட்டாய் இடத்தில்.
அன்றும் பால், இன்றும் பால்.
சம்பளத்தைப் போலவே
வாடையும் கொஞ்சம்தான் மாறியிருக்கிறது.

பழைய கதவு ஏதாவது? என்றார் புவான்.
சூசையம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

வர்கீஸ் கிராணியின் ஆபீஸ் கதவு அது.
தோட்டத்தை விற்ற வாரம், அவள் புருஷன்
ராத்திரியோடு ராத்திரியாக முதுகில் இறக்கியது.
நிலை பத்தாமல் அடியில் ஒரு சாண் அறுத்தார்.
நடுவில் சின்னச் சன்னல்:
அதற்குள் கைநீட்டித்தான்
இருபத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கினார்.
விரல் பட்டுப் பட்டு விளிம்பு குழிந்திருக்கிறது.

புவான் டேப்பை நீட்டினார். எழுதினார்:
கதவு, மரம். நிலைமை, சுமார்.

தோம்பை இறக்கினேன்.
சன்னல் திறந்தது. உள்ளே
கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு
காசை இரண்டாம் முறை எண்ணும் சூசையம்மாள்.
"வரிசையில நில்லு."

நிற்பதற்கு நான் ஒருவன்தான். நின்றேன்.
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
படிவத்தை மடித்துக்கொண்டு
எனக்குப் பின்னால் வந்து நின்றார்
புவான் நோர்லிசா.