பிரிவு பதினாறு

இரண்டு வருடம் கழிந்தால் கிழித்துவிட வேண்டும்.
ஹார்லன் பே நகராட்சிக்கும் போலீஸ் சங்கத்துக்கும்
அப்படித்தான் ஒப்பந்தம்.
வோய்சிக் தேதி பார்ப்பாள், பெயர் பார்ப்பதில்லை.

இன்று பார்த்துவிட்டாள்.
ஹால்வர்சன். மூன்று நாள் இடைநீக்கம்;
நடுவர் அதை ஒரு நாளாக்கி
அதற்கும் சம்பளம் தரச் சொல்லியிருக்கிறார்.
புகாரின் அடியில்
ஓடெஸா பிக்கெட் என்று கோணல் கையெழுத்து.
இடக்கையால் போட்டது.
வலக்கையில் மாவுக்கட்டு.

மேல்மாடியில் பூட்ஸ் சத்தம்.
புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கைவிலங்கு வகுப்பு.
யார் சொல்லித்தருவது என்று பணிமூப்பு முடிவு செய்யும்,
அதுவும் ஒப்பந்தம்தான்.
ஹால்வர்சன் குரல் கூரை வழியாக இறங்குகிறது:
"இன்னும் கொஞ்சம் முறுக்கு."

தாளை இயந்திரம் தின்றது.
குண்டூசி மட்டும் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது.
பழுதுப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்.
பெயர் எழுதப் போனவள்
குண்டூசி என்று எழுதினாள்.