ரிலீஸ்

எலிக்குஞ்சின் வாலை மிதித்ததுபோல்
ஒரு கீச்.
இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாவதுக்கு
விரல் ஓடும்போதெல்லாம்.

அறையில் வாசித்தபோது கேட்டதே இல்லை.
இங்கே சால்மியாவில்,
கடலைப் பார்த்த காபிக்கடையில், வியாழன் இரவில்,
பாலத்துக்கு அடியில் படுத்திருக்கும் பிக்அப்
அதைத்தான் முதலில் பொறுக்கி எடுத்து
நாலு ஸ்பீக்கருக்கும் பங்கு வைக்கிறது.

அர்னெல் மிக்ஸரில் ட்ரெபிளை இறக்கினான்.
கீச் போனது.
கூடவே கிட்டாரும் கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
ஏற்றினான்.
உள்ளேன் ஐயா என்று எழுந்து நின்றது கீச்.

மேல் மூன்றும் வெறும் நைலான், வம்புக்கு வராதவை.
கீழ் மூன்றில் செம்பிழை சுற்றி வெள்ளி பூசியிருக்கிறது.
சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே
கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு.
விரல் தடதடவென்று இறங்குகிறது, அவ்வளவுதான்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
செராமிக் கடைவாய்ப் பல்லை
நாக்கு தடுக்காதவரை ரப்பர் சக்கரத்தில் தேய்க்கிறவள்.
நாக்கைப்போல் கறாரான ஆள் கிடையாது;
மயிரிழை மேடு இருந்தால்
சாப்பாடு தூக்கம் எல்லாம் விட்டு அங்கேயே போய் நிற்கும்.
என் காது இப்போது அப்படி ஆகிவிட்டது.

ஹிஷாம் டாக்டர் லுஹர் தொழப் போன நேரத்தில்
நாலு, ஐந்து, ஆறு மூன்றையும்
லேப் மேசையில் இழுத்துக் கட்டி
ஆயிரத்தைந்நூறாம் நம்பர் உப்புத்தாளால்
இரண்டே இழுப்பு.
வெள்ளி போய்ச் செம்பு இளித்தது.
கீச் பாதி. நாதமும் முக்கால்.

பிறகு விரல்.
ஜிப்சம் குடித்து, ஏசி குடித்து
நுனியெல்லாம் பாலம் பாலமாய் வெடித்த தோல்.
அதையும் தேய்த்தேன், பல்லைத் தேய்ப்பதுபோலவே.
துளி கிரீம் தடவி, துடைத்து, மறுபடி துடைத்து.
கடலிலிருந்து ஈரக்காற்று வீசிய ஓர் இரவு
மொட்டைமாடியில் வாசித்துப் பார்த்தேன்.
கீச் இல்லை.
உள்ளே வந்தேன்.
இருபது டிகிரி. இருந்தது.

போனில் பதிந்து, வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தபோதுதான்
கை மாட்டிக்கொண்டது.
நகர்வது குற்றமில்லை.
ஊன்றியதை ஊன்றியபடியே
இழுத்துக்கொண்டு நகர்கிறேன்,
ஃப்ரிட்ஜைத் தூக்காமல் தள்ளிக்கொண்டு
வீடு மாறுகிறவர்போல.

"ரிலீஸ், மேம்" என்றான் அர்னெல். "ஃபர்ஸ்ட் ரிலீஸ்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்த ஊரில் அந்த வார்த்தை வேறு இடத்தில் வேலை பார்க்கிறது.
ஃபஹாஹீலில் ஒரு லேப் என்னைக் கேட்டு எட்டு மாதம்.
ரிலீஸ் கேட்ட என் கடிதம்
டாக்டரின் இழுப்பறையில்,
யாரும் வாங்க வராத ஒரு முன்பல் செட்டுக்குக் கீழே.
"இன்ஷா அல்லாஹ்" என்கிறார் ஒவ்வொரு ஞாயிறும்,
பொய்யில்லாத முகத்தோடு.

விரலுக்காவது ஸ்பான்சர் நான்தானே.

அழுத்தத்தை விடு. எழு. போ. இறங்கு.
அரைத் தாளத்துக்குள் நாலு வேலை.
முதல் வாரம் பாட்டெல்லாம்
பல் பிடுங்கிய வாயாய் இருந்தது, சந்து சந்தாய்க் காற்று.
இரண்டாம் வாரம் விரல் அவசரப்பட்டு
வேறு வீட்டுக் கதவைத் தட்டியது.
ஐந்தாவதில்,
ஏழாம் ஃப்ரெட்டுக்கு எப்போது போனேன் என்று
எனக்கே தெரியவில்லை.

நேற்று வியாழன்.
அர்னெல் ட்ரெபிளைத் துணிந்து மேலே ஏற்றி வைத்திருந்தான்.
மூன்றாம் பாட்டு நடுவில்
கீச்.
கையைப் பார்த்தேன். கம்பியை விட்டு மேலே, காற்றில் இருந்தது.
மறுபடி கீச். கீச், கீச், கீச்,
தாளத்துக்குச் சற்று முந்தி.
அர்னெல் குனிந்து குமிழ்களைத் திருகுகிறான், முகம் வெளுத்து.

மேசைகளுக்கு நடுவே
ஒன்றரை வயசுப் பையன் ஒருவன்,
மிதித்தால் கத்தும் செருப்பு போட்டுக்கொண்டு
கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.
அவன் அப்பா ஓடிவந்து தூக்கினார்.
தூக்கியதும் சத்தம் நின்றது.