ஆறு நிமிடம்

முப்பது மீற்றர் தாழ்வாரம்.
இரண்டு முனையிலும் மஞ்சள் கூம்பு.
"ஓட வேண்டாம், கதைக்க வேண்டாம்,
ஏலுமான வேகத்தில நடவுங்கோ."
மூன்று மொழியிலும் எனக்கு மனப்பாடம்.

லாஃபீர் நானா நடக்கிறார்.
உருண்டு தடித்த விரல்நுனியில் கிளிப்;
அதில் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு.

ஜனவரியில் நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
கேட்டதும் கணக்குப் போட்டார்:
மாளிகாவத்தை வீட்டுப் படியிலிருந்து
பள்ளிவாசலில் செருப்புக் கழற்றும் இடம்.
ஜூனில் முந்நூற்று முப்பது.
பள்ளிக்கு இந்தப் பக்கம், பழக்கடை.

டொக்டர் முதுகில் குழல் வைத்தபோது
கேட்டதும் செருப்புச் சத்தம்தானாம்,
ஒட்டுப்பட்டியை மெல்லப் பிரிக்கிற மாதிரி,
ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும்.

ஸ்கேன் படத்தை நான் பார்க்கத் தேவையில்லை.
பார்ப்பேன்.
நுரையீரலின் அடியில், ஓரத்தில்,
தேன்கூடு.
யார் வைத்த பேரோ.
தேனுமில்லை ஈயுமில்லை,
காற்று வந்தும் குடியேறாத அறைகள்,
சுவரெல்லாம் வடு.

காலையில் வந்த கொட்டாஞ்சேனைக் கொறற்றிக்கும்
இதே இருமல்தான், இதே படிக்கட்டில்தான் இளைத்தாள்.
அவள் படத்தில் கூடில்லை,
குளியலறை யன்னல்போல் மங்கல் கண்ணாடி.
பல்கனியில் வளர்த்த லவ்பேர்ட்ஸைக்
கூட்டோடு வத்தளைக்கு அனுப்பிவிட்டு
மாத்திரையும் போட்டாள்.
கண்ணாடி கொஞ்சம் துடைபட்டிருக்கிறது.
போன முறையைவிட அறுபது மீற்றர் கூட.
போகும்போது என் கையைப் பிடித்துச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன். அப்போது
வெளி வாங்கில் லாஃபீர் நானா இருந்தார்.

எண்பத்தாறு.
நான்காம் நிமிடம். சுவரில் கை ஊன்றி நிற்கிறார்.
ஆள் நின்றாலும் கடிகாரம் நிற்கக் கூடாது.
அதுதான் விதி.
நான் அவர் சப்பாத்துகளைப் பார்க்கிறேன்,
பிறகு முள்ளை.
மீண்டும் நடந்தார், சிறிது தூரம்.

முடிந்த இடத்தில் சோக்கால் கோடு கீறி
ரேப் பிடித்து அளந்தேன்.
இருநூற்று முப்பத்திரண்டு.
கதிரையில் இருந்து, மூச்சுக்கு ஒரு சொல்லாக:
"காணும் மகள்.
பாபர் கடை மட்டும்
போகேலும்."

அடுத்த ஆளைக் கூப்பிடுமுன்
கோட்டை அழிக்க வேண்டும்.
ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்தேன்.
சீமெந்தின் துளைகளில் வெள்ளை
இன்னும் கொஞ்சம் இருக்கிறது.