நாற்பதாம் எண் கதவு

நேற்று மாலை ஏழரைக்கு ஒரு தாள் அனுப்பினேன்.
எட்டே வரி. அடியில்
கோகிலவாணி, பில்லிங் பிரிவு.
முதலாளி அறையிலிருக்கும் பிரிண்டர்
பதில் சொல்லவில்லை.
சொல்லாததே நல்லதென்று
ஃபைலை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.
பேருந்து உடையாப்பட்டி தாண்டும்போது பசித்தது.

காலையில் மில் வாசலில் லாரி.
இந்தூர் லோடு, ஜவ்வரிசி, இருநூற்றைம்பது மூட்டை.
டிரைவர் அம்மாசி
பீடியைப் பற்றவைப்பதும் மிதிப்பதுமாக.
பில் அடித்தேன். வரவில்லை.
அழுத்தி அடித்தால் சீக்கிரம் போகுமென்று
ஒன்பது முறை அடித்தேன்.

சூரமங்கலத்திலிருந்து வந்த அர்த்தநாரி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
பிரிண்டரின் வயிற்றில் ஏதோ பொத்தானை அமுக்க,
தன் எண்ணைத் தானே எழுதித் தந்தது அது:
ஐம்பத்தேழு.
நேற்று கரண்ட் போய் வந்ததில்
ரவுட்டர் புது எண் கொடுத்துவிட்டதாம்.
"நீங்க நாப்பதாம் நம்பர் கதவையே தட்டிட்டிருக்கீங்க.
அது காலி வீடு."

காலி வீட்டு வாசலில்
என் தாள்கள் கலையாமல் நின்றிருந்தன,
ரேஷன் கடையில் ஆள் போனபின்னும்
வரிசையில் நிற்கும் பைகள் மாதிரி.

"ஃபைலை அழிச்சாலும் இதுல இருக்கிறது போகாதுங்க,
அனுப்புறப்பவே ஒரு நகல் எடுத்து வச்சுக்கும்."
யாரும் கேட்காமலே சொன்னார்.
மௌஸ் அவர் கையில் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் உருளை சுற்றியது.
முதலில் வந்தது முதலில்.
முதலாளி கிழங்குத் தொட்டிப் பக்கம் போயிருந்தார்.
அம்மாசிதான் நின்றிருந்தார்.
சூடு ஆறாத பத்துத் தாளையும்
தட்டி ஓரம் சேர்த்து
நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.
"இத்தனை பில்லா?" என்று அர்த்தநாரி கேட்க
"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

நான் வாசலுக்கு ஓடியபோது
புழுதி மட்டும் இருந்தது.

இந்நேரம் தொப்பூர்க் கணவாய் ஏறியிருக்கும்.
எந்தச் சோதனைச் சாவடியிலோ
யாரோ விரித்து வைத்து,
"மன உளைச்சல் காரணமாக" என்ற சரக்கு
எத்தனை மூட்டை, என்ன வரி விகிதம் என்று
விரலால் தேடிக்கொண்டிருப்பார்.

திரையில் வரிசை காலி.
புதுக் கட்டுப் பிரித்து, ஈரம் போக விசிறி,
தட்டில் தாள் வைத்தேன்.
அர்த்தநாரி ஐம்பத்தேழைப் பூட்டிவிட்டு
ஹெல்மெட் பட்டையை மாட்டினார்.
"இனி கரண்ட் போனாலும்
இது இங்கேயேதான் இருக்கும்."