அய்யூரில் ஒரு வார விடுமுறை

பெட்டமுகிலாளம் போகிற பேருந்து
எங்களை மட்டும் இறக்கிவிட்டு மலையேறியது.
நான், நாகவேணி, ருக்சானா.
மூவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வாய்த்தது
ஏழு மாதத்தில் இதுதான் முதல்.

வனக்காவலர் ஒரு நோட்டை நீட்டினார்.
பெயர், ஊர், உள்ளே போகும் நேரம்,
வந்த காரணம்.
மேலே யாரோ 'சுற்றுலா' என்று எழுத
கீழே வந்தவர்களெல்லாம் இரட்டைக் கோடு இழுத்திருந்தார்கள்.
நாகவேணியும் இழுத்தாள்.

"யானை வருமாண்ணா?"
"ராகி அறுப்பு முடிஞ்சாச்சு.
இனிமே அதுங்க இஷ்டம்" என்றார் கெம்பையன்.

மூங்கில் புதர் தாண்டியதும்
பாதை நடுவே கிடந்தது சாணம்,
கூடை கூடையாக, நார் நாராக.
"கை வெச்சுப் பாரும்மா.
சூடு இருந்தா கிட்டத்துல இருக்கு."

எங்கள் கைகள்
எட்டு மணி நேரமும் வெள்ளை உறைக்குள் கிடப்பவை.
கடுகளவு திருகை முடுக்கி முடுக்கி
ரேகை தேய்ந்து
ஆலை வாசல் இயந்திரம்
மூன்று முறை யாரென்று கேட்டு
நாலாவதில் உள்ளே விடும் கைகள்.
ஒரு தூசி போதும்,
ஒரு தட்டு முழுக்கத் திரும்பி வரும்.

ருக்சானாதான் முதலில் வைத்தாள்,
கண்ணை மூடி,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
"கால் ஷிப்டு ஆகியிருக்கும்."
கெம்பையனுக்கு விளங்கவில்லை.
"ரெண்டு மணி நேரம்ணா."
அவரும் வைத்துப் பார்த்தார்.
ஆமாம் என்றார். அதற்கப்புறம்
எங்களை வாங்க போங்க என்றே பேசினார்.

வேறென்ன பார்த்தோம்?
ஒரு மரத்தில், என் தலைக்கும் ஒரு முழம் மேலே,
முதுகு தேய்த்த சேறு.
அந்த உயரம் இன்னும் என் கழுத்தில் வலிக்கிறது.

வேலிக்கு இந்தப் பக்கம் பூங்கா.
ஊஞ்சலில் பலகை:
பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் மட்டும்.
எங்கள் மூவருக்கும் சேர்த்து அறுபத்தாறு.
கெம்பையன் நாற்காலியைத்
திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மேலே போகையில் அகழி தெரிந்தது,
அதற்கப்பால் செம்மண் தடம்.
கீழே வருகையில் மறைந்தது.
தெரிந்தது. மறைந்தது.
தடத்தில் யாரும் வரவில்லை.
நாங்களும் நிறுத்தவில்லை.

ஐந்தேகாலுக்கு நோட்டில் வெளியேறும் நேரம் எழுதினேன்.
அந்த இரட்டைக் கோட்டை அடித்துவிட்டு
வேறேதோ எழுதப் பேனாவை ஊன்றினேன்.
பேருந்து ஹாரன் அடித்தது.

தேன்கனிக்கோட்டையில் டீ.
ருக்சானா கிளாஸை இடது கையில் வாங்கினாள்.
"என்னடி, இடது கையிலயா?" என்றாள் நாகவேணி.
வலது கையை மடக்கி
மடியில் வைத்திருந்தாள்.
கழுவவேயில்லை.